மஞ்சள் விளக்கும் செம்மண் ஏற்றமும்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். திருவனந்தபுரத்தில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். கரமனை ஆறு படித்துறையை முழுக்க மூடி, எங்கள் தெருமுனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் போன்றவற்றை நானும் என் கணவரும் வாடகைக்குக் கொடுக்கிறோம். கடை வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். பொருட்களைக் கொண்டுபோய் இறக்க ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறோம். வழக்கமாக அதை அவர்தான் ஓட்டுவார். அந்த மாதம் அவருக்கு மணிக்கட்டு முறிந்து கையில் மாவுக்கட்டு. அதனால் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரின் 'சாலை' என்ற பெரிய கடைத்தெருவின் நெரிசலில் ஓட்டிப் பழகிய கைதான் என்றாலும், மலைப்பக்கம் தனியாக ஓட்டியதில்லை.

அன்று காலையிலிருந்தே பல இடங்களில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் எங்கள் தொலைபேசி ஓயாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரத்தை நம்பித்தான் பல வீடுகளில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் அந்த இயந்திரம் நின்றுவிடும். பக்கத்தில் வைத்திருக்கும் சிலிண்டர்தான் அப்போது துணை. மதியத்துக்குள் எங்களிடமிருந்த சின்ன சிலிண்டர்கள் எல்லாம் வெளியே போய்விட்டன. ஒரு பெரிய சிலிண்டரும், தூக்கிவைக்கக்கூடிய ஒரு சிறு ஜெனரேட்டரும்தான் மிச்சம்.

அப்போதுதான் விதுராவுக்கு அப்பால் மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள். தோட்டத் தொழிலுக்காக ஒரு காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் சுருங்கிப்போய், இரண்டு வருடமாக ஆக்சிஜனில்தான் இருந்தார். அந்த அம்மாவின் குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"மக்களே, கரண்டு காலம்பறயே போயிட்டு. சிலிண்டர்ல முள்ளு செவப்புப் பக்கம் வந்தாச்சு. கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு வச்சிருக்கேன். நீ வருவியா?"

வருகிறேன் என்றேன். எப்படி என்று யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருந்தார்களாம், வழியில் மரம் விழுந்து அது வேறு பக்கம் சுற்றி வர வேண்டியிருந்ததாம். பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து டவரும் போயிருக்க வேண்டும்.

கணவர் தானும் வருகிறேன் என்று கிளம்பினார். கடையில் தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டும்; ஒற்றைக் கையோடு அவர் வந்து எதைத் தூக்குவார்? நான் மறுத்துவிட்டேன். அவருக்குப் பதிலாக என் நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவரின் தங்கை, எங்களோடு கடைக்கணக்கைப் பார்த்துக்கொள்கிறவள். வண்டி என்றாலே அவளுக்கு ஆகாது. யார் ஓட்டினாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வருவாள். நான் வேண்டாம் என்றேன். "ஒங்கள தனியா அனுப்பிட்டு இங்க இருந்து நான் என்ன செய்ய?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அது இன்னொரு சுமையாகத்தான் தோன்றியது.

மிச்சமிருந்த சிலிண்டரையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நெடுமங்காடு தாண்டும் வரை பாதை பரவாயில்லை. அதற்கு மேல் ரோட்டில் கிளைகளும் சரளைக்கல்லுமாகக் கிடந்தன. எதிரே எதுவும் தெரியாத மழை. நாத்தனார் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, குழி, கல், கிளை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கு மெயின் ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு ஏற்றம் பிரிகிறது. தார் போடாத செம்மண் பாதை. ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், இன்னொரு பக்கம் ஓர் ஆள் உயரப் பள்ளம். வெயில் காலத்தில் அதில் ஏறியிருக்கிறோம். அன்று அது பாதையாகவே இல்லை. தண்ணீர் இறங்கி இறங்கி, வழவழவென்று குழைத்துவைத்த சேறாகக் கிடந்தது.

ஏற்றத்தின் அடியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் மட்டும்தான் இருந்தார். பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் மரம் சாய்ந்து, ஊர் ஆண்களெல்லாம் அங்கே போயிருந்தார்கள். வழக்கமாக மேலே போய்வரும் ஜீப்பும் அங்கேதானாம். அவர் ஏற்றத்தைப் பார்த்தார், எங்கள் வண்டியைப் பார்த்தார். "சேச்சி, இது கேறாது. ஜீப் வரட்டும்" என்றார். எங்கள் வண்டி ஏறாதாம். ஜீப் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏற நான்கு பேராவது வேண்டும். நாங்கள் இருந்தது மூன்று பேர். நான் வண்டியை முதல் கியரில் போட்டு ஏற்றத்தில் விட்டேன்.

கொஞ்ச தூரம் ஏறியது. பிறகு பின்சக்கரம் வழுக்கியது. கூடவே என் முன்னாலிருந்த பலகையில், சறுக்கும் காரின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. வண்டி முனகி, சோர்ந்து, நின்று, பின்னால் வழியத் தொடங்கியது. பிரேக்கைப் பிடித்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தேன். இரண்டாவது முறை தூரத்திலிருந்து வேகமாக வந்தேன். அதே இடம், அதே விளக்கு, அதே சோர்வு. கடைக்காரர் சாக்குகளைக் கொண்டுவந்து சக்கரத் தடத்தில் விரித்தார். நாங்களும் ரப்பர் கிளைகளை ஒடித்துப் போட்டோம். மூன்றாவது முறை சாக்கு வரை போய், அதைச் சுருட்டிப் பின்னால் எறிந்துவிட்டு வண்டி மறுபடி அடங்கியது.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது நாத்தனார் கேட்டாள்.

"மைனி, சக்கரம் வழுக்கும்போ நீங்க ஆக்சிலேட்டர விட்டுருதீங்களா?"

"இல்லையே. முழுசா மிதிச்சுத்தான் வச்சிருக்கேன்."

"பின்ன எதுக்கு சத்தம் மட்டும் அமுங்குது?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் மிதித்துக்கொண்டே இருக்கிறேன். எஞ்சின்தான் தானாக மூச்சைக் குறைத்துக்கொள்கிறது. விளக்கு மின்னும் ஒவ்வொரு தடவையும் அதுதான் நடக்கிறது.

வண்டி வாங்கிய அன்று ஷோரூமில் ஒரு பெண் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னது நினைவுக்கு வந்தது. சக்கரம் வழுக்கினால் வண்டியே எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, வழுக்கும் சக்கரத்துக்கு பிரேக் போடும், அது ட்ராக்‌ஷன் கன்ட்ரோல். வளைவில் வண்டி திசை தப்பினால் இழுத்து நேராக்கும், அது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். இரண்டுக்கும் சேர்த்து இந்த ஒரு பட்டன். இதைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். அதற்குப் பிறகு நானும் அந்தப் பட்டனைத் தொட்டதில்லை. நல்ல ரோட்டில் உயிரைக் காக்க வைத்திருக்கும் ஏற்பாடு, இந்தச் சேற்றில் வழுக்கலைப் பார்த்ததும் எஞ்சினை அடக்கி அடக்கி எங்களை நிறுத்திக்கொண்டிருந்தது. சேற்றில் ஏற வேண்டுமென்றால் சக்கரம் கொஞ்சம் சுழன்றுதான் ஆக வேண்டும். சுழன்றால்தான் டயரின் வரிப்பள்ளங்களில் அப்பிய மண்ணை உதறிவிட்டு அடியில் இருப்பதைப் பிடிக்கும்.

பட்டனை ஒரு தடவை அழுத்தினேன். ட்ராக்‌ஷன் நிறுத்தப்பட்டது என்று பலகையில் எழுத்து வந்தது, கூடவே இன்னொரு மஞ்சள் விளக்கும் எரிந்தது. வண்டியை விட்டேன். இந்தத் தடவை எஞ்சின் அடங்கவில்லை. சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. நாங்கள் மூன்று முறை தோற்ற இடத்தைத் தாண்டினோம். நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த வளைவில் பின்பகுதி பள்ளத்துப் பக்கமாக விலகியதும் ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் தானாக விழுந்தது. அந்த ஒரு கணத்தில் வேகம் செத்து, வண்டி குறுக்காக நின்றது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே ஒரு சாண் மண் இருந்திருக்கலாம்.

கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு நான் அசையாமல் இருந்தேன். அந்த இரண்டாவது ஏற்பாட்டையும், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலையும், நிறுத்த வேண்டும். பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் அதுவும் நிற்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அதை நிறுத்திவிட்டால், வண்டி பள்ளத்துப் பக்கம் போனால் அதைத் திருப்ப என் கையைத் தவிர வேறு எதுவும் இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. மேலே ஒரு அம்மா வால்வைத் திருகித் திருகிக் குறைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பார்கள் என்பதும் கூடவே வந்தது.

நாத்தனாரை இறங்கி நின்றுகொள்ளச் சொன்னேன். எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் உடனே இறங்கினாள். செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்தாள். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மடக்கிய குடையைக் கம்பு போலப் பிடித்தபடி வளைவுக்கு மேலே ஏறிப் போனாள். வண்டிக்குப் பயப்படுகிறவளுக்குச் சேற்றைப் பார்த்துப் பயமில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குடைக்கம்பால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நடுத்தடத்தில் கம்பு பாதி வரை இறங்கியது. மண்சுவரை ஒட்டிய ஓரத்தில் குத்தியபோது இறங்கவில்லை.

"இங்க அடியில பாறை இருக்கு மைனி. சுவர ஒரசினாலும் பரவாயில்ல, இந்த ஓரமாவே வாங்க. நிறுத்தாண்டாம்."

அவளை மண்சுவர் மேட்டில் ஏறி நிற்கச் சொன்னேன். ஏறி நின்று, குடையை நீட்டிப் பாறை போகும் வழியைக் காட்டினாள். நான் பட்டனை அழுத்தி விடாமல் பிடித்தேன். இரண்டாவது எழுத்தும் வந்தது. இரண்டு மஞ்சள் விளக்குகளும் மின்னாமல், அசையாமல் எரிந்தன.

அதற்கப்புறம் நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வண்டியின் பின்பகுதி இடமும் வலமும் அலைந்தது. அது போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினேன், நேரானதும் விட்டேன். இடதுபக்கக் கண்ணாடி மண்சுவரில் உரசி மடங்கியது. வலதுகாலை மட்டும் எடுக்கவில்லை. எடுக்காதே, எடுக்காதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தொண்டை கட்டியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஓர் இடத்தில் சக்கரம் பாறையைப் பிடித்தது. வண்டி ஒரு குதி குதித்து வளைவைத் தாண்டியது. அதன்பின் ஏற்றம் குறைந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவில் அந்த வீட்டின் ஓடு தெரிந்தது.

அந்த அம்மா வாசலில்தான் நின்றார்கள். உள்ளே அவர் கணவர் தலையணைகளில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டரில் முள் கிட்டத்தட்டப் படுத்துவிட்டிருந்தது. எப்படி இறக்கினோம் என்று கேட்காதீர்கள். ஓடிவந்து சேர்ந்த நாத்தனாரும் நானும் அந்த அம்மாவும் பெரிய சிலிண்டரைப் பலகையில் சரித்து இறக்கி உருட்டிக்கொண்டு வந்தோம். பழையதிலிருந்து மீட்டரைக் கழற்றிப் புதியதில் மாட்டி வால்வைத் திறந்தேன். குழாயில் காற்று வரும் சின்னச் சத்தம் கேட்டது. அதற்கு இணையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பிறகு ஜெனரேட்டரைத் தாழ்வாரத்துக்கு வெளியே, புகை உள்ளே வராத இடத்தில் வைத்து இயக்கி, இயந்திரத்தை ஓடவிட்டோம். அவர் விரலில் மாட்டிய, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது. அந்த அம்மா எங்களுக்கும் தனக்குமாகப் பாலில்லாத கட்டன் சாயா போட்டார்கள். தன்னுடையதை மட்டும் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்கள்.

பேச முடிந்ததும் அவர் முதலில் கேட்டது வண்டியைப் பற்றி. அந்த மலை ரோட்டில் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். படுக்கையில் கிடந்தபடியே கீழே எங்கள் எஞ்சின் ஒவ்வொரு தடவையும் முனகி அடங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"மூணு தடவ சத்தம் செத்துப் போச்சு. சரி, இனி வராதுன்னு நெனச்சேன்" என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு விட்டு. "பொறவு சத்தம் மாறிச்சு. அப்பம் இவகிட்ட சொன்னேன், வாசல்ல போய் நில்லு, வந்துருவாங்கன்னு."

அந்த அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதார்கள்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினோம். முற்றத்தில் வண்டியைத் திருப்பச் சேற்றில் போராட வேண்டியிருந்ததால் விளக்குகள் இரண்டும் எரிந்தபடியே இருந்தன. இறக்கத்தில் முதல் கியரில் ஊர்ந்து டீக்கடை வரை வந்தோம். கடைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். தார் ரோட்டைத் தொட்டதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வேகத்தைக் கூட்டப் போனேன்.

"மைனி, அந்த மஞ்ச வெளக்கு இன்னும் எரியுதே. அத மறுபடி போடாண்டாமா?"

என் மனதில் அது சுத்தமாக இல்லை. மலையையே ஜெயித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, பட்டனை அழுத்தினேன். எழுத்துகள் மறைந்தன, விளக்குகள் அணைந்தன. அவள் குனிந்து உற்றுப் பார்த்து, அணைந்துதான் விட்டது என்று உறுதி செய்துகொண்டாள்.

விதுராவுக்கு முன்னால் ஒரு வளைவு. திரும்பியதும் ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பலாக்கிளை கிடந்தது. மறுபாதியில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை வெட்டினேன். சுமை இறங்கி லேசாகியிருந்த வண்டியின் பின்பகுதி ஈரத் தாரில் சடாரென்று வெளியே விலகியது. பள்ளத்தாக்கின் மரநுனிகள் முன்கண்ணாடி முழுக்க வந்து நின்றன. நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய நேரமும் இல்லை. காலுக்கடியில் தடதடவென்று ஓர் அதிர்வு. அந்த மஞ்சள் விளக்கு சில தடவை மின்னியது. அந்த ஏற்பாடு எந்தச் சக்கரத்தை எந்த அளவுக்குப் பிடித்ததோ, வண்டி ஓர் இழுப்பில் நேராகி, கிளைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பஸ் எங்களை உரசாமல் போனது.

நாத்தனாரின் கால் இல்லாத பிரேக்கை இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். அது ஜில்லென்றிருந்தது, என் கையும் அப்படித்தான். "மெதுவா போலாம் மைனி" என்று மட்டும் சொன்னாள். நெடுமங்காடு வரும் வரை அவள் குழி, கல், கிளை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

அந்த வீட்டுக்கு மின்சாரம் வரச் சில நாட்கள் ஆயின. அதற்குள் ஜீப்பும் ஓடத் தொடங்கி, எரிபொருளும் இன்னொரு சிலிண்டரும் போய்ச் சேர்ந்தன. அவர் இன்று வரை அதே கட்டிலில் இருக்கிறார். மழை வலுத்தால் அந்த அம்மா எங்களைக் கூப்பிட்டு, கரமனையில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா என்று விசாரிக்கிறார்கள்.

அன்று கிளம்பும்போது தைரியம் என்னிடம் இருக்கிறது, பயம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம், சத்தம் அமுங்குவதைக் கேட்டது, பாறையைக் கண்டது, விளக்கு எரிவதைப் பார்த்தது எல்லாமே பக்கத்து சீட்டில் இருந்த அந்தப் பயம்தான் என்பது என் நெஞ்சுக்குள் உறைத்துக்கொண்டே இருக்கிறது.